வாசக மேடையும் நம் வீட்டு மக்களும்

புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல சமயத்தார் உளர். அவரவர் வழிபாடு அவரவர்க்கு உரியது. அவ்வாறிருக்க, ஒரு சமயத்தாரின் கோயில் நடைமுறையைப் பற்றி இப் பகுதியில் நாம் எழுதுவது எதற்காக என்று சிலர் கேட்கலாம். கத்தோலிக்கக் கோயில்களில் பொதுநிலையினருக்கு, அதாவது குருக்களும் துறவியரும் அல்லாத இல்லறத்தாருக்கும் இளைஞருக்கும், அளிக்கப்படும் வழிபாட்டுப் பயிற்சி சமயத்தோடு நின்றுவிடுவதன்று. தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகள், தமிழில் எழுதப்பட்ட ஒன்றைப் பலர் முன்னே பிழையின்றிப் படிக்க வல்லவர்களாக இருப்பார்களா என்னும் கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே இது நம் எல்லோருக்கும் பொதுவான செய்தியே.

பிழைப்பை நாடி வந்தவர்கள் கோயில் எழுப்புவது இந் நகருக்குப் புதியதன்று. நானா பேட்டையிலுள்ள அமல உற்பவ அன்னை ஆலயத்திற்கு 1792-ஆம் ஆண்டில் நிலம் வழங்கியவர் பேஷ்வா சவாய் மாதவராவ். அவர் அதனை வழங்கியது, தம் படையில் பணிபுரிந்த கோவா நாட்டுக் கிறிஸ்தவ வீரர்களுக்காக. வேற்றூரிலிருந்து வந்தவர்கள் மன்றாட ஓர் இடம் கேட்டார்கள். ஆண்ட பேஷ்வா இடம் கொடுத்தார். பின்னர்ப் படைப்பாசறை, புகைவண்டி, 1869-இல் தொடங்கிய கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, தேகு ரோடு படைக்கலக் கிடங்கு, பிம்பிரி சிஞ்ச்வட் ஆலைகள், இந் நாளில் ஹிஞ்சவடிக் கணினி நிறுவனங்கள் என அலை அலையாக நம்மவர் வந்து சேர்ந்தனர். வந்தவர்களோடு தமிழ் மன்றாட்டும் வந்தது.

பழைய முறையில் திருப்பலி இலத்தீன் மொழியில் நடைபெற்றது. குருவே வாசகங்களையும் படித்தார். மக்கள் பெரும்பாலும் செபமாலை உருட்டிக்கொண்டு அமர்ந்திருந்தனர். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு இந் நிலையை மாற்றியது. மக்களின் மொழிக்கு அது வழிபாட்டில் இடம் தந்தது. பீடப் பணியாளர், வாசகர், பாடகர் குழுவினர் ஆகியோர் ஆற்றுவது உண்மையான வழிபாட்டுப் பணி என்றும், அதற்கு அவர்கள் தக்க பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. மொழியை மாற்றினால் மட்டும் போதாது, அம் மொழியை உரைக்கும் நாவையும் பழக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அதை இந்திய மண்ணில் நடைமுறைப்படுத்த 1967-இல் பெங்களூரில் தோன்றிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை முதலில் நடத்தியவர் அமலோர்பவதாஸ் அடிகளார் என்னும் தமிழரே. தமிழுக்கென்று திண்டிவனத்திலும் அத்தகைய நடுநிலையம் ஒன்று செயற்படுகிறது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. அதுவே இன்று தமிழ்த் திருப்பலியில் நம் செவிக்கு எட்டும் நடை.

இப் பயிற்சியை வத்திக்கான் சங்கம் புதிதாகக் கண்டுபிடித்தது என்று எண்ணுதல் தவறு. தமிழ் மக்களிடையே இதற்கு நெடிய வரலாறு உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊருக்கு ஊர் தங்கியிருக்க இயலாதவராய், ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். மன்றாட்டுகளைக் கற்பித்தல், ஆபத்து வேளையில் திருமுழுக்கு அளித்தல் முதலியன அவர் கடமைகள். அவர்களுக்குரிய ஊதியத்திற்காகச் சவேரியார் போர்த்துக்கல் அரசியிடம் கேட்டுப் பெற்றது, அவ் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணம். பயிற்சி பெற்ற பணியாளரை வைத்திருக்கப் பொருளும் வேண்டும் என்பதை அன்றே அவர் அறிந்திருந்தார்.

டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் நுழைய இயலாதிருந்த இலங்கைக்கு 1687-இல் மறைந்து சென்றவர் யோசேப் வாஸ் அடிகளார். கோவா நாட்டவரான அவர் யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்றார். குரு வரமுடியாத காலத்தும் மக்கள் கூடி மன்றாடும்படி, ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். வீரமாமுனிவரோ, பதினெட்டாம் நூற்றாண்டில், உபதேசியார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். தமிழ் உரைநடையின் முற்பட்ட நூல்களுள் ஒன்று, பொதுநிலைப் பணியாளருக்குரிய பயிற்சி நூலாக அமைந்தது நாம் நினைந்து மகிழத்தக்கது. சைவர்களும் இதனை நன்கு உணர்வர். தேவாரத்தைப் பண்ணோடு ஓதும் ஓதுவாரைப் பயிற்றத் தருமபுரத்தில் பாடசாலை இருப்பது எதற்காக? ஓதுதல் தானாக வருவதன்று. கற்பித்தாலன்றி ஒரு தலைமுறையோடு அற்றுப்போகும்.

இனி, பயிற்சியில் கற்பிப்பவை யாவை எனக் காண்போம். முதலாவது, திருப்பலியின் அமைப்பு. தொடக்கச் சடங்கு, இறைவாக்கு வழிபாடு, நற்கருணை வழிபாடு, நிறைவுச் சடங்கு என அது நான்கு பகுதிகளை உடையது. முதல் வாசகத்தையும் இரண்டாம் வாசகத்தையும் பொதுநிலையினர் படிக்கலாம். நற்செய்தியைத் திருத்தொண்டரோ குருவோ படிக்க வேண்டும். மறையுரையும் அவர்களுக்கே உரியது. எது தன் பணி, எது தன் பணியன்று என்று அறிந்திருப்பதே முதற் பாடம். இரண்டாவது, ஆண்டின் ஒழுங்கு. 1969-இல் வகுக்கப்பட்ட முறைப்படி ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று வருகின்றன. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா என நற்செய்திகள் முதன்மை பெறும். ஆண்டின் எண்ணை மூன்றால் வகுத்து மீதியின்றி வந்தால் அது மூன்றாம் ஆண்டு. 2025 அவ்வாறு வந்த ஆண்டு. வழிபாட்டு ஆண்டு சனவரியில் அன்றி, முந்திய ஆண்டின் இறுதியில் திருவருகைக் காலத்தோடு தொடங்கிவிடும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

மூன்றாவது, நிறங்கள். திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் வெள்ளை, குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, தூய ஆவிப் பெருவிழா, மறைசாட்சியர் விழா ஆகியவற்றுக்குச் சிவப்பு, பொதுக்காலத்துக்குப் பச்சை. பீடத்தை அணி செய்யும் இளைஞர் இதனை மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும். நான்காவது, வாசக நூலைக் கையாளும் முறை. தலைப்பில் அச்சிட்டுள்ள சிறு குறிப்புகளை உரக்கப் படிக்கலாகாது. கைப்பேசியைப் பார்த்துப் படித்தலும் அழகன்று. அதற்கென அமைந்த நூலைத் திறந்தே படித்தல் வேண்டும்.

ஆயினும் புனேயில் தமிழ் வாசகருக்குக் கடினமானது இவற்றுள் எதுவுமன்று, நாவே கடினமானது. இங்குப் பிறந்த பிள்ளைகள் மராத்தி கேட்டு வளர்கின்றனர். மராத்தியில் ளகரமும் ணகரமும் இருப்பதால், அவ் ஒலிகள் அவர்களுக்கு எளிதாக வருகின்றன.  ஆனால் ழகரமும், ரகர றகர வேறுபாடும் அம் மொழியில் இல்லை. எசாயாவின் நூலில், பாலைநிலத்தில் ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்குமாறு கூறும் இடம் ஒன்று உண்டு. அங்கே ‘வழி’ என்பது ‘வலி’ என்று ஒலித்தால் கேட்போர் நிலை என்னாகும்? தமிழ் எழுத்து அறியாத பிள்ளைகள் வாசகத்தை உரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு படிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவ் எழுத்தில் வலி, வளி இரண்டும் ஒன்றாகவே தோன்றும். படிப்பவர்க்கும் ஐயம், கேட்பவர்க்கும் ஐயம்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்கிறது. செய் என்பதும் செய்யாதே என்பதும் இறுதிச் சொல்லில்தான் வேறுபடுகின்றன. வாக்கியம் முடியும்போது மூச்சுக் குறைந்து குரல் தாழ்வது இயல்பு. பத்துக் கட்டளைகளைப் படிக்கும் ஒருவர் ஒவ்வோர் இறுதிச் சொல்லையும் விழுங்கிவிட்டால், பின்வரிசையில் இருப்பவர்க்குக் கட்டளை எட்டும், தடை எட்டாது. ஆகவே இறுதிச் சொல் வரை குரலைத் தாங்கிச் செல்லுதல் தமிழ் வாசகருக்கு முதன்மையான விதி. பவுலடிகளின் திருமுகங்களில் இது இன்னும் கடினம். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் தொடக்கத்தில், கிரேக்க மூலத்தில், பன்னிரண்டு வசனங்கள் ஒரே வாக்கியமாக ஓடுகின்றன. எங்கே மூச்சு விடுவது என்பதை முன்னாளிலேயே வீட்டில் குறித்துக்கொள்ளாதவர் மேடையில் தடுமாறுவது உறுதி.

நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் பணியும் பொதுநிலையினர்க்கு உண்டு. 1973 சனவரி 29-ஆம் நாள் வெளிவந்த ஆணை, குருக்கள் போதாத இடத்துத் தக்க பொதுநிலையினரை இதற்கு அமர்த்த வழி செய்தது. இவர்கள் குருவுக்குப் பதிலாளர் அல்லர். தேவை நேர்ந்த இடத்துத் துணையாளர். உண்பதற்கு முன் ஒரு மணி நேரம் நோன்பிருக்கும் விதி நோயாளரையும் அவரைப் பேணுவோரையும் கட்டுப்படுத்தாது என்பதைப் போன்ற சிறு செய்திகளையும் இவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இன்றேல் மருந்துண்ட முதியவர் ஒருவர் தமக்குத் தகுதியில்லையென்று ஏங்கியிருப்பார். புனேயில் மகன் வீட்டில் படுக்கையில் கிடக்கும் ஒரு தாய்க்கு, கட்டிலருகே நின்று தமிழில் மன்றாடும் ஒரு குரல் எத்தகைய ஆறுதல் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவருக்கு மராத்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். வாசகர், பீடத்துணைவர் என்னும் பணிகளை 1972 ஆகஸ்டு 15-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பொதுநிலையினர்க்குத் திறந்துவைத்தபோது, முறைப்படி அப் பணியில் நிலைநிறுத்தப்படும் உரிமை ஆடவர்க்கு மட்டுமே இருந்தது. மகளிர் அவ்வப்போது வாசித்துவந்தனராயினும் அது தற்காலிகப் பணியாகவே எண்ணப்பட்டது. 2021 சனவரி 10-இல் திருத்தந்தை பிரான்சிசு அவ் வேறுபாட்டை நீக்கினார். நம் இல்லங்களில் தமிழை இன்றளவும் காத்துவருவோர் பெரும்பாலும் தாய்மாரே. அவர்களைப் பயிற்சிக்கு முன்னிறுத்துவது நீதியும் ஆகும், அறிவுடைமையும் ஆகும்.

இந் நகரில் இதற்கு வாய்ப்புக் குறைவில்லை. 1893-இல் கண்டியில் நிறுவப்பெற்ற பாப்பிறைக் குருமடம் 1955-இல் புனேக்கு மாற்றப்பட்டது. ராம்வாடியில் அதனையொட்டி ஞானதீப இறையியல் நிலையமும், 1606-இல் மதுரைக்கு வந்து தமிழ் கற்ற தெ நோபிலி அடிகளாரின் பெயர் தாங்கிய இயேசு சபைக் கல்லூரியும் உள்ளன. அயல்நாட்டிலிருந்து வந்து தமிழைக் கற்றுத் தேர்ந்த ஒருவரின் பெயர் நம் நகரிலேயே விளங்க, தமிழர் வீட்டுப் பிள்ளை தமிழில் எழுத்துக்கூட்டித் திணறுவது நமக்குப் பெருமை தருமா?

குறை எங்கே இருக்கிறது என்பது வெளிப்படை. தமிழ்த் திருப்பலி நடைபெறும் இடங்களில் வாசகம் படிப்போர் பெரும்பாலும் ஊரில் பள்ளிப்படிப்பை முடித்துவந்த முதியோர். அவர்கள் ஓய்வுபெற்று ஊர் திரும்புகின்றனர். சிலர் இறைவனடி சேர்கின்றனர். அவர்கள் விட்டுச் செல்லும் இடத்தில் நிற்க ஆள் இல்லையெனில், தமிழ்த் திருப்பலியை எவரும் தடைசெய்ய வேண்டுவதில்லை. அது தானே நின்றுவிடும்.

ஆகவே இரண்டு கைகள் இணைதல் வேண்டும். வழிபாட்டு ஒழுங்கைக் கற்பிப்பது பங்கின் பொறுப்பு. எழுத்தையும் ஒலியையும் கற்பிப்பது தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பு. ஞாயிறு தமிழ் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளை வாசகத்தைப் படித்துப் பழகட்டும். அருகிலிருக்கும் பிள்ளை தேவாரத்தையோ குறளையோ படித்துப் பழகட்டும். இருவர்க்கும் தேவைப்படும் ழகரம் ஒன்றே. முதியவர் ஒருவர் இளையவர் ஒருவரை மூன்று மாதம் தம்மோடு நிறுத்திப் பழக்குவாராயின், அதுவே சிறந்த பள்ளிக்கூடம்.

தூய ஆவிப் பெருவிழாவன்று படிக்கப்பெறும் வாசகத்தில், பல நாடுகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. புதிய வாசகர்கள் அஞ்சும் பகுதி அது. ஆனால் அதன் பொருள் நம்மனோர்க்கு மிக நெருக்கமானது. பிற நாடுகளிலிருந்து வந்து எருசலேமில் தங்கியிருந்தோர், ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே இறைவனின் செயல்களைக் கேட்டு வியந்தனர் என்பதே அச் செய்தி. வந்தேறி வாழ்வோர் தம் மொழியில் கேட்க விழைவது இயல்பே என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ? அவ் விழைவை நிறைவு செய்ய ஒருவர் எழுந்து நின்று தெளிவாகப் படிக்க வேண்டும். பெற்றோர்களே, இவ் வாரம் உங்கள் பிள்ளையை ஒரு பக்கம் தமிழ் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இறுதிச் சொல் வரை கேளுங்கள்.