நகரத்துக் கல்லூரியும் காட்டுக் கல்லூரியும்

நம் கல்லூரியின் இளங்கலை வகுப்புகளை ஊர்ப்புறத்தே வாங்கியுள்ள புதிய நிலத்திற்கு மாற்றுவதோ, இப்பொழுதுள்ள நெருக்கமான இடத்திலேயே மாடிமேல் மாடி எழுப்புவதோ என்னும் பேச்சு இவ்வாண்டு எங்கும் எழுந்துள்ளது. விடுதியில் உறையும் நண்பர்கள் பெரும்பாலும் புதிய நிலத்தையே விழைகின்றனர். "சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரம் சென்று தாழ்ந்ததோ?" என்பது அவர்தம் வினா. தாழவில்லை, உயர்ந்ததே. ஆயினும், அவ்வரலாற்றிற் பாதியையே அவர்கள் எடுத்துரைக்கின்றனர் என்பது என் துணிபு.

1837-இல் ஆண்டர்சன் பாதிரியார் தொடங்கிய பள்ளியினின்று வளர்ந்தது அக்கல்லூரி. 1862-இல் வந்த மில்லர் பெருமகனார் காலத்தே அது தென்னாடெங்கும் புகழ் பெற்றது. அதன் பழைய இடம் ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்திற்கு எதிரில், அங்காடித் தெருக்களின் நடுவே இருந்தது. அண்டைத் தெருவில் வாழ்ந்த எளிய குமாஸ்தாவின் மகனும் வீட்டில் உண்டு, கால்நடையாகவே வந்து கற்றுத் திரும்பக்கூடிய இடம் அது. 1937-இல் கல்லூரி தாம்பரத்தில் 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்குப் பெயர்ந்தது. அங்குள்ள நிழலைப் புகழ்வோர், கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டதை நினைப்பதில்லை. வழி முன்னே வந்தது. கல்லூரி பின்னே சென்றது. மாணாக்கர் கூடி வாழ்வதற்கெனச் சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்னும் விடுதிகளும் எழுந்தன. அந்நிழல்தானும் எளிதிற் கிடைத்ததன்று. வேதியியற் பேராசிரியர் பார்ன்ஸும் அவர் துணைவியாரும் மரங்களை நட்டுப் பல்லாண்டு பேணினர்.

அவ்விடுதிகளுள் ஒன்றன் பெயரை நோக்குக. ஹீபர் என்னும் பெயர் திருச்சிராப்பள்ளிக்கு உரியது. அங்கிருந்த ஹீபர் கல்லூரி 1930-களில் மூடப்பெற்றுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு இணைந்தது. திருச்சபையார் ஓரிடத்தை வலுப்படுத்தக் கருதினர்; பிறிதோர் ஊர் தன் கல்லூரியை இழந்தது. திருச்சியில் வேறு கல்லூரிகள் இல்லாமலில்லை. எனினும் அப்பெயரால் ஒரு கல்லூரி 1966-இல்தான் அந்நகரில் மீண்டும் எழுந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகளில் அதன் வாயிலை மிதித்திருக்கக்கூடிய இளைஞர் எத்துணையர்! அவர்களை எந்த ஆண்டறிக்கையும் கணக்கிட்டதில்லை.

இனி நம் நிலத்திற்கு வருவோம். ஆங்கு இரயில் இல்லை. பேருந்தோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. யான் 6 மணிக்கு வீட்டை விட்டு இரயிலேறி, நிலையத்தினின்று நடந்தே வகுப்பை அடைபவன். என் தோழரொருவர் 4 மணிக்கு வகுப்பு முடிந்ததும் கடைவீதியில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதி, அவ்வூதியத்தாற் கட்டணம் செலுத்துகிறார். புதிய நிலத்திற்கு அருகே எக்கடை அவருக்கு வேலை தரும்? விடுதியிற் சேர்க என்பர். விடுதிக் கட்டணத்தை யார் தருவர்?

காடு வேண்டாமென்பதன்று என் கருத்து. ஆய்வு மாணாக்கரும் ஆய்வுக்கூடங்களும் இப்பொழுதே ஆங்குச் செல்லலாம். இளங்கலை வகுப்புகள் மட்டும், நாடோறும் பலமுறை ஓடும் பேருந்தும் எளியோர்க்குக் கட்டணமில்லா விடுதியிடமும் உறுதியாகும்வரை, இங்கேயே இருத்தல் வேண்டும்.

இவ்விடத்தின் இரைச்சலை யானும் அறிவேன். தொல்காப்பிய வகுப்பில் ஆசிரியர் நூற்பாவின் பாதியைச் சொல்லும்போதே பேருந்தின் ஊதல் மறுபாதியை விழுங்கிவிடும். அவர் புன்னகையோடு வண்டி கடக்கும்வரை காத்திருந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். அவ்வண்டியிலிருந்து இறங்கிப் பிந்தி வருவோர் இருவர் மூவர் அதற்குள் வந்து அமர்ந்துவிடுவர்.