முதலிடத்து மாவட்டத்தின் மாலை வகுப்புகள்

2018 மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வெளியானபோது 97.05 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்றது விருதுநகர் மாவட்டம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, அதே ஆண்டு ஜனவரியில், நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று மத்திய அரசு பட்டியலிட்டிருந்தது. அதில் இடம்பெற்ற தமிழக மாவட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்று இராமநாதபுரம். இன்னொன்று இதே விருதுநகர்.

மழை பொய்க்கும் பூமி, மானாவாரிப் பிழைப்பு என்று காரணங்கள் பல உண்டு. எல்லாப் பழியையும் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆண்டுதோறும் இத்தனை பிள்ளைகளைத் தேற வைக்கும் மண், அந்தத் தேர்ச்சியால் தான் என்ன பெற்றது?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை கண்மாய் பெருகினால்தான் வெள்ளாமை. பெருகாத ஆண்டில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள்; இல்லையென்றால் வெளியூர் வேலை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையின் நோட்டைப் பிரித்துப் பார்க்க மாலையில் ஆள் இருக்காது. டவுன் பிள்ளைக்கு ட்யூஷன் என்பது கூடுதல் வசதி. கிராமத்துப் பிள்ளைக்கோ படிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதே சமுதாயக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ நடக்கும் மாலை வகுப்பின் இரண்டு மணி நேரத்தால்தான். 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய தமிழக அரசின் மாலை வகுப்புத் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி' இதை ஊரறியச் செய்தது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கிராமப்புறத் தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கொரோனாவில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது.

எனவே இந்த வகுப்புகள் பலன் தருமா என்ற சந்தேகம் நமக்கில்லை. அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதில்தான் பேச்சு. பல இடங்களில் பள்ளியில் மிச்சம் வைத்ததை இங்கே முடிக்கிறார்கள்: புக் பேக் கேள்வி, ஒரு மார்க் வினா, 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று பெயர் சூட்டப்பட்டவர்களுக்கு மினிமம் மெட்டீரியல். முப்பத்தைந்து எடுத்தால் போதும், மனப்பாடம் செய்.

மதிப்பெண்ணை இகழ நமக்கு மனமில்லை. மார்க் முக்கியமில்லை என்று மேடையில் பேசுகிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் நல்ல மார்க் வாங்கியவர்களாகவே இருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைக்கு அது பஸ் டிக்கெட். அது இல்லாமல் ஏறவே விடமாட்டார்கள். ஆனால் எந்த ஊரில் இறங்குவது, இறங்கிய இடத்தில் ஏமாற்றினால் என்ன கேட்பது என்பதெல்லாம் டிக்கெட்டில் எழுதியிருக்காது.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தென்மாவட்ட வறண்ட கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்ததும் முடிக்காததுமாக இளம்பெண்களை ஏஜென்ட்டுகள் மேற்கே உள்ள நூற்பாலைகளுக்கு அழைத்துப்போனார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. அவர்களில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறையப்பேர். பத்தாம் வகுப்பு தேறியவர்களும் உண்டு. கையெழுத்து வாங்கிய தாளில் என்ன இருக்கிறது, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்க மட்டும் பத்து வருடத்தில் ஒருவரும் பழக்கவில்லை.

இப்போது ஆலை ஊர்வாசலுக்கே வருகிறது. நாடு முழுவதும் ஏழு 'பிஎம் மித்ரா' ஜவுளிப் பூங்காக்கள் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். தமிழகத்துக்கு உரியது விருதுநகர் மாவட்டத்தின் இ.குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கரில். வரட்டும், வரவேண்டியதுதான். அங்கே குமாரலிங்கபுரத்துப் பிள்ளை எந்த நாற்காலியில் உட்காரும், அல்லது நாற்காலியே இல்லாமல் எந்த மிஷின் முன் நிற்கும் என்பது இன்று அதன் மாலை வகுப்பில் நடப்பதையும் பொறுத்தது.

அந்த வகுப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், பள்ளி தள்ளிவிட்ட ஏழை விவசாயிகளின் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் நடத்தினார். அங்கே தினமும் செய்தித்தாளை உரக்க வாசித்து விவாதிப்பது பாடத்தின் பகுதி. பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதி 1967இல் வெளிவந்த புத்தகம்தான் தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்று வந்தது. பெயிலான பிள்ளைகள், எந்த வீட்டுப் பிள்ளைகள் பெயிலாகிறார்கள் என்று புள்ளிவிவரத்தோடு கேட்டார்கள்.

நம் கரிசல் கிராமங்களிலும் இப்படிப்பட்ட பாடத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். அம்மாவின் நூறு நாள் வேலை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, பதிந்த நாளையும் வங்கியில் ஏறிய பணத்தையும் ஒத்துப்பார்ப்பது கணக்குப் பாடம். பத்திர நகலை வாசிப்பது தமிழ்ப் பாடம். அந்தத் தமிழை விளங்கிக்கொள்ள வாத்தியாரும் கொஞ்சம் திணறுவார், அதுவும் நல்லதே. கண்மாயில் தண்ணீர் எந்த மாதம் எவ்வளவு நின்றது என்று தாத்தாவிடம் கேட்டு எழுதினால் அது அறிவியல். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் அழகான சின்னப் புத்தகங்களைக் கொடுத்திருக்கிறது. பள்ளி பீரோவைத் திறந்து, கிழிந்தாலும் பரவாயில்லை என்று அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும். முக்கியமாக, 'ஏன்' என்று ஒரு பிள்ளை கேட்டால், 'இது பரீட்சைக்கு வராது' என்ற பதிலை அந்த இரண்டு மணி நேரமாவது ஒத்திவைக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்வார்கள்? பெரும்பாலும் அந்தந்த ஊரில் படித்துவிட்டு வேலை கிடைக்காமலோ கல்யாணமாகியோ இருக்கும் பெண்கள். இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலருக்கு நிர்ணயித்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். 2025-26க்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். ஒரு மாதம் பாடம் நடத்துவதற்கு, மண் வெட்டும் மூன்று நாள் கூலி! தன்னார்வம் என்று பெயர் வைத்துவிட்டால் வயிறு சும்மா இருக்குமா?

ஜவுளிப் பூங்காவில் கடை விரிக்கப்போகும் பெரிய நிறுவனங்கள், 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டியவை. மாவட்ட நிர்வாகம் இப்போதே அவர்களிடம் பேசட்டும். அந்தப் பணத்தின் முதல் பங்கு குமாரலிங்கபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் மாலையில் பாடம் நடத்துகிறவர்களின் ஊதியத்துக்குப் போகட்டும். பெயர்ப்பலகை மாட்டும் கட்டடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.