பரிசுப் பயணமா, உரிமை ஓய்வா?

2015 மே மாதத்தில் சீனத்தின் தியன்ஸ் நிறுவனம், தன் 20ஆம் ஆண்டு நிறைவையொட்டி 6,400 ஊழியர்களைப் பிரெஞ்சு நாட்டிற்கு அழைத்துச் சென்றது. பாரிசில் மட்டும் 140 ஓட்டல்களில் அவர்களுக்கு இடம் பிடிக்கப்பட்டது. நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் அவர்கள் அணிவகுத்து நின்றனர். வானிலிருந்து படிக்கத்தக்க எழுத்துக்களாக நின்று, நிறுவனத்தின் பெயர் கொண்ட வாசகம் ஒன்றை அமைத்துக் காட்டினர். உலக சாதனை என்று அது ஏட்டிலும் ஏறியது.

ஊழியர் ஊர் பார்ப்பதை நாம் வெறுப்பவரல்லர். உழைப்பவர் கடலைக் காணட்டும்; மலையைக் காணட்டும்; மகிழட்டும்! ஆனால், ஓய்வுக்கு வந்த மனிதர் அங்கேயும் முதலாளியின் விளம்பர எழுத்தாக நிற்கவேண்டியிருக்கிறதே, அதற்குப் பெயர் ஓய்வா?

ஊக்கப் பயணம் என்பது புதிய சரக்கன்று. அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விற்பனையில் முந்தியவர்களைப் பயணம் அனுப்பியது. இன்று அதற்குத் திட்டம் தீட்டித் தருவதே தனி வியாபாரம். அதன் சூட்சுமம் என்ன? இலக்கு ஒன்றை வைப்பார்கள். நூறு பேர் அதை நோக்கி ஓடுவார்கள். பத்துப் பேர் விமானம் ஏறுவார்கள். ஓடிய உழைப்போ நூறு பேருடையது. அதன் லாபம் முழுவதும் நிறுவனத்துக்கு! விற்றவருக்காவது பரிசு உண்டு. சரக்கைச் செய்தவருக்கும், கட்டி அனுப்பியவருக்கும், கணக்கு எழுதியவருக்கும் என்ன உண்டு? கைதட்டும் வேலைதான் உண்டு.

அதே பிரெஞ்சு நாடு வேறொரு பாடத்தையும் உலகுக்குத் தந்திருக்கிறது. 1936இல் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றதும், தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். ஜூன் மாதத்தில் லியோன் புளூம் அரசு சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை! அமைச்சரவையில் இருந்த லியோ லாக்ராஞ்சு, ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் குறைத்துத் தனிச்சீட்டுக்கு வழிசெய்தார். அந்தக் கோடையிலேயே லட்சக்கணக்கானோர் குடும்பத்தோடு புறப்பட்டனர். கடலையே காணாதவர்கள் கடலைக் கண்டனர். எவரும் இலக்கை எட்டிக் காட்டவில்லை. எவரும் எழுத்தாக நிற்கவில்லை. இரண்டு வாரம் 1956இல் மூன்றாயிற்று, 1969இல் நான்காயிற்று, 1982இல் ஐந்தாயிற்று.

சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். சலுகை, கொடுத்தவர் முகம் சுளித்தால் மறுநாளே மறையும். உரிமை, ஆண்டுக்கு ஆண்டு வளரும்.

பயணத்திட்டம் போடும் நிர்வாகிகளுக்கு நாம் கூறுவது இது: முதலில் நியாயமான ஊதியத்தையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் அனைவருக்கும் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். பிறகு பயணம் அழைத்துச் செல்லுங்கள். முறைவைத்து எல்லோரையும் அழையுங்கள்; குடும்பத்தையும் சேர்த்து அழையுங்கள்; அந்த நாட்களை விடுமுறைக் கணக்கில் கழிக்காதீர்கள். போன இடத்தில் கூட்டம் போட்டு அடுத்த ஆண்டு இலக்கைப் படிக்காதீர்கள்.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு சொல்: பயணச்சீட்டு கிடைத்தால் மகிழ்ச்சியோடு போய்வாருங்கள். ஆனால், அதைக் காட்டி விடுமுறை உரிமையை எவரேனும் விலைபேசினால், சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சங்கத்துக்கு வாருங்கள்!