வாகனப் பக்கம்: கியர்பெட்டி மாறினால் வயரும் மாறவேண்டும்



பழைய ஓட்டோமற்றிக் காரின் கியர்பெட்டி பழுதானால், திருத்தக் கேட்கும் காசு சிலவேளை காரின் விலையையே தாண்டிவிடும். அதனால் எம்மவர் சிலர் பழைய கார் உடைக்கும் இடத்தில் மனுவல் கியர்பெட்டி ஒன்றை வாங்கி, தெரிந்தவரைக் கொண்டு மாற்றுகிறார்கள். எல்லாம் பூட்டி முடிந்த பின் சாவியைத் திருப்பினால் கார் அசையாது.

காரணம் இதுதான். ஓட்டோமற்றிக் கியர்பெட்டியில் ஒரு சுவிற்ச் உண்டு. கியர் 'பி' அல்லது 'என்' இல் நின்றால் மட்டுமே அது ஸ்ராட்டருக்கு மின்சாரம் போகவிடும். பெட்டியோடு அந்தச் சுவிற்சும் போய்விடுகிறது.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். அந்த இரண்டு வயர்களையும் முறுக்கி, ரேப் சுற்றிவிடுகிறார்கள். கார் ஸ்ராட் ஆகும். கியரில் நின்றாலும் ஆகும்! என் நண்பர் ஒருவரும் இப்படித்தான் செய்தார். ஒருநாள் கார் முதலாம் கியரில் நிற்பதை அறியாமல் அவரது மனைவி சாவியைத் திருப்ப, கார் பாய்ந்து மதிலில் மோதியது. சற்று முன்வரை அவர்களின் பிள்ளை அந்த மதிலடியில்தான் விளையாடிக்கொண்டிருந்தது.

ஆகவே, கவனிக்க வேண்டியவை:

1. முதலில் பற்றறியைக் கழற்றுங்கள். வயரின் நிறத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். உங்கள் காருக்குரிய வயரிங் வரைபடத்தைப் பாருங்கள்.

2. ஸ்ராட்டர் வயர்களைக் கிளச் பெடல் சுவிற்சுக்குக் கொடுங்கள். பெடலை முழுதாக மிதித்தால் மட்டுமே இணையும் சுவிற்சாக அது இருக்கவேண்டும்.

3. பல கார்களில் பின்னோக்கிச் செல்லும் லைற்றின் வயரும் பழைய சுவிற்சுக்கூடாகவே போகும். அதைப் புதிய பெட்டியின் றிவேர்ஸ் சுவிற்சில் இணையுங்கள். 2009 செப்டெம்பர் முதல் பாவனைக்கு வந்த கார்களுக்கு எம்.ஓ.ரி சோதனையில் இந்த லைற்றையும் பார்ப்பார்கள்.

4. ஸ்பீடோமீற்றருக்கான சென்சர் கியர்பெட்டியில் இருந்தால், புதிய பெட்டியிலும் பொருத்தமானது இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

5. கொம்பியூட்டர் உள்ள கார்களில், அது பழைய பெட்டியைத் தேடி, எச்சரிக்கை லைற்றை எரியவிடும். எஞ்சினின் வலுவையும் குறைக்கலாம். மனுவல் காரின் கொம்பியூட்டரைப் போட்டால், அதைச் சாவியோடும் பொருத்தவேண்டும். இல்லையேல் களவுத்தடுப்பு காரை ஸ்ராட் ஆகவிடாது. இது தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை.

இன்னொன்று. பிரித்தானியாவில் ஓட்டோமற்றிக் காரில் சோதனை சித்தியடைந்தவர், அந்த அனுமதிப்பத்திரத்துடன் மனுவல் காரைத் தனியே ஓட்டமுடியாது. வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். காப்புறுதிக் கொம்பனிக்கும் மாற்றத்தை அறிவியுங்கள். மறைத்தால் விபத்து நடந்தபின் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை: வெளியான இடத்தில், கைபிறேக்கை இழுத்து, பிறேக்கையும் மிதித்தபடி, கியரை நியூற்றலில் விட்டு, கிளச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்புங்கள். ஸ்ராட்டர் சுற்றினால் வேலை இன்னும் முடியவில்லை. காரை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.