ஹெட்போன் நேரம்: நாற்காலி இல்லாத சாக்ஸபோனும் நகர முடியாத ஆர்கனும்

மேற்கத்திய கிளாசிக்கல் இசைக்காகவே பல வருடம் சாக்ஸபோன் படித்துவிட்டு வெளியே வருபவருக்குக் காத்திருக்கும் முதல் சிக்கல் என்ன தெரியுமா? உட்கார நாற்காலி இல்லை!

நிஜமாகவே நாற்காலிதான். ஒரு பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் வயலினுக்கு மட்டும் முப்பது பேர் வரை இருப்பார்கள். ஓபோ, கிளாரினெட், ட்ரம்பெட் எல்லாவற்றுக்கும் சம்பளத்தோடு நிரந்தர இடம் உண்டு. சாக்ஸபோனுக்குக் கிடையாது. ராவேலின் 'பொலேரோ' மாதிரி சில படைப்புகளை எடுக்கும்போது மட்டும் வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள். வாசித்து முடித்ததும் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

காரணம், கருவி பிறந்த நேரம். பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814-ல் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ், தன் கண்டுபிடிப்புக்குப் பாரிஸில் காப்புரிமை வாங்கியது 1846-ல். பாக் இறந்து 96 வருடம் ஆகியிருந்தது. மொஸார்ட்டும் பீத்தோவனும்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆர்கெஸ்ட்ராவில் யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்ட பிறகு வந்த விருந்தாளி இது. பாரிஸ் கன்சர்வேட்டரியில் சாக்ஸே நடத்திய வகுப்பும் 1870-ல் நின்றுபோனது. மறுபடி அங்கே சாக்ஸபோன் பேராசிரியர் என்று ஒருவர், மார்செல் மியூல், வந்தது 1942-ல். நடுவில் 72 வருட இடைவெளி! அந்த மியூலுக்கே பல வருடங்கள் சோறு போட்டது பிரெஞ்சு ராணுவ பேண்டு வாத்தியக் குழு.

இப்போது ஆர்கன் வாசிப்பவரைப் பார்ப்போம். இவர் பிரச்னை அப்படியே தலைகீழ். நாற்காலி இருக்கிறது. எழுந்து போகத்தான் முடியாது.

ஆர்கன் என்றதும் கீபோர்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பைப் ஆர்கன். காற்றை அழுத்தி ஆயிரக்கணக்கான குழாய்களுக்குள் அனுப்பும் ஓர் இயந்திரம், கிட்டத்தட்ட ஒரு கட்டடம். பாரிஸ் நோத்ரதாம் தேவாலயத்தின் பெரிய ஆர்கனில் சுமார் 8,000 குழாய்கள். கைகளுக்கு ஐந்து வரிசைக் கட்டைகள், கால்களுக்குத் தனியாக ஒரு வரிசை. இதைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போக முடியுமா? ஞாயிறு ஆராதனை, கல்யாணம், இறுதிச் சடங்கு என்று ஒரே மாடத்தில், பெரும்பாலும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடியே வாழ்க்கை ஓடிவிடும். வாசிப்பவர் முகம் பலருக்குத் தெரியவே தெரியாது.

இடமில்லாதவரும் இடம் மாற முடியாதவரும் ஜோடி சேர்ந்தால்? ஐரோப்பாவில் இப்போது இந்தக் கூட்டணியை அடிக்கடி பார்க்கலாம். கணக்கு எளிது. ஊருக்கு ஊர் தேவாலயம் இருக்கிறது, பலவற்றில் ஆர்கனும் இருக்கிறது. கூட ஒரு சாக்ஸபோன் பெட்டி போதும். பியானோவை வாடகைக்கு எடுக்கும் செலவு இல்லை.

ஆனால் வாசிப்பது எளிதல்ல. ஆர்கன்காரர் மேலே மாடத்தில், சாக்ஸபோன்காரர் கீழே பீடத்துக்குப் பக்கத்தில் நின்றால் இடைவெளி 30 மீட்டர்கூட இருக்கும். அதைக் கடக்க ஒலிக்குப் பத்தில் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் பிடிக்கும். வேகமான தாளத்தில் அதுவே தடுமாற வைத்துவிடும். கண்ணாடி வைத்தோ, சின்ன கேமரா வைத்தோ ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள்.

அடுத்தது சுருதி. குளிர்காலத்தில் தேவாலயம் ஜில்லென்றானால் ஆர்கன் குழாய்களின் சுருதி இறங்கும், கோடையில் ஏறும். ஆயிரம் குழாய்களை மேடையில் திருத்த முடியாது. சாக்ஸபோன்காரர்தான் ஊதுவாயை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து அனுசரித்துப் போக வேண்டும். பதிலுக்கு ஆர்கன்காரர் கற்றுக்கொள்ள வேண்டியது மூச்சை. அவருடைய கருவிக்கு மூச்சு முட்டாது, ஒரு கட்டையை அழுத்தினால் நாள் முழுக்க ஒலிக்கும். பக்கத்தில் இருப்பவர் மனிதர், மூச்சு எடுக்க இடம் விட வேண்டும்.

நாதஸ்வரத்தோடு விடாமல் ஒலிக்கும் ஒத்து கேட்டிருப்பீர்களே, அந்தச் சுகத்தைப் பல மடங்கு பெரிதாக்கி யோசித்துப் பாருங்கள். அதைக் கேட்க ஓர் ஆல்பம் சொல்கிறேன்: 'ஆஃப்டன்லாண்ட்'. நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக், ஆர்கன் கலைஞர் ஷெல் யோன்சென். இருவரும் 1979 டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் எங்கெல்பிரெக்ட் தேவாலயத்தில் பதிவு செய்தது.

கார்பரெக் 1947-ல் பிறந்தவர். பதினான்கு வயதில் வானொலியில் ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு இந்தப் பக்கம் திரும்பியவர். 'அவர் ஜாஸ் ஆள், கிளாசிக்கல் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?' என்று கறாரானவர்கள் கேட்கலாம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஜாஸின் ஆட்டம் இதில் இல்லை. ஒரு நீண்ட சுரம், அது கூரைவரை போய்த் திரும்பி வரும் வரை பொறுமை, பிறகு அடுத்தது.

தேவாலயத்துக்குள் இது சாதாரண விஷயமும் அல்ல. 1903-ல் போப் பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை பியானோவையும், இரைச்சலான, இலேசான கருவிகளையும் ஆராதனையில் தடை செய்தது. சாக்ஸபோன் பெயர் அதில் இல்லைதான். ஆனால், பேண்டுக் குழுக்கள் தேவாலயத்துக்குள் வாசிக்கக் கூடாது என்றும் அதே ஆணை சொன்னது. அப்போது சாக்ஸபோனுக்கு முக்கியப் பிழைப்பே பேண்டில்தான்!

கார்பரெக் அந்த வாசலைத் தாண்டி வெகுதூரம் போனார். 1993-ல் ஆஸ்திரியாவின் ஒரு பழைய மடாலயத்தில், ஹில்லியர்ட் குழுவின் நான்கு பாடகர்களோடு பழங்காலக் கிறிஸ்தவ இசைக்கு நடுவே வாசித்தார். அடுத்த வருடம் 'ஒஃபீசியம்' என்று வெளியான அந்த ஆல்பம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2014-ல் அந்தக் குழு கலையும் வரை தேவாலயம் தேவாலயமாகச் சேர்ந்து போனார்கள்.

நமக்கு ஒரு சொந்தச் செய்தியும் உண்டு. சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல்.சங்கரும் இதே கார்பரெக்கும் எண்பதுகளில் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். 'சாங் ஃபார் எவ்ரிஒன்' என்ற அந்த ஆல்பத்தில் தபலா ஜாகிர் உசேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். 'ஆஃப்டன்லாண்ட்'டை போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஆர்கனின் 16 அடிக் குழாய் கொடுக்கும் அடித்தளச் சுரம் சுமார் 33 ஹெர்ட்ஸ். அந்தக் குட்டி ஸ்பீக்கர் அதைத் தொடக்கூட முடியாது, பாதி ஆர்கன் காணாமல் போய்விடும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் பாட்டிலிருந்தே வரிசையாகக் கேளுங்கள்.