வினை விசாரிக்காது

காஸி கனானின் கதையை யார் சொன்னாலும் கடைசியில் ஒரு வரி வந்துவிடும்: "செஞ்ச வினை சும்மா விடுமா?" எனக்கு அந்த வரி மேல்தான் கோபம்.

கனான் சிரிய ராணுவ உளவுத்துறை அதிகாரி. 1982 முதல் 2002 வரை லெபனானில் அதன் தலைவர். பெக்கா பள்ளத்தாக்கின் அஞ்சாரில் இருந்தபடி அந்த நாட்டையே ஆட்டிவைத்தார். லெபனான் அரசியல்வாதிகள் காரியம் ஆக அங்கே போய் நின்றார்கள். 2004இல் சிரியாவின் உள்துறை அமைச்சர் ஆனார். 2005 பிப்ரவரியில் லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி பெய்ரூட்டில் கொல்லப்பட்டார். ஐ.நா. விசாரணைக் குழு கனானையும் விசாரித்தது. அக்டோபர் 12 காலை, லெபனான் வானொலி ஒன்றுக்கு போன் போட்டு, இதுவே தன் கடைசி அறிக்கையாக இருக்கலாம் என்றார். சில மணி நேரத்தில் டமாஸ்கஸில் தன் அலுவலகத்திலேயே குண்டடிபட்டுச் செத்துக் கிடந்தார். தற்கொலை என்று சொல்லி அரசு கோப்பை மூடியது.

தற்கொலையா, கொலையா? இந்தத் துப்பறியும் கதையில்தான் நமக்கு ருசி. எதுவானாலும் லாபம் ஆட்சிக்குத்தானே? யாரைப் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்க வேண்டிய ஆள் போய்விட்டார். அதே வருஷம் ஏப்ரலில், சிரியச் சிறைகளுக்குள் மறைந்துபோன பிள்ளைகளைக் கேட்டு லெபனான் தாய்மார்கள் பெய்ரூட்டில் ஐ.நா. கட்டடத்துக்கு எதிரே கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கனான் செத்ததில் அவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது?

ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்தைப் பாருங்கள். டமாஸ்கஸின் 251ஆம் உளவுக் கிளையில் விசாரணைத் தலைவராக இருந்த கர்னல் அன்வர் ரஸ்லான் அங்கே குற்றவாளிக் கூண்டில் உட்கார்ந்தார். அடிபட்டவர்கள் அவர் முகத்துக்கு நேரே சாட்சி சொன்னார்கள். 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை. மேலிடத்து ஆட்கள் அங்கே இல்லை, குறைபட்ட நீதிதான். ஆனால் நடந்தது பதிவானது. வினை இதைச் செய்யுமா? வினை யாரையும் குறுக்கு விசாரணை செய்யாது. சர்வாதிகாரம் தன் ஆளையே விழுங்கும்போது கைதட்டுகிறவர்கள், சாட்சியும் சேர்ந்தே விழுங்கப்படுவதைக் கவனிப்பதில்லை.

2024 டிசம்பரில் அஸாத் ஆட்சி கவிழ்ந்தது. போட்டோக்களோடு சைத்னாயா சிறைக்கு ஓடிய குடும்பங்கள், தரையில் சிதறிக்கிடந்த காகிதங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள்.