பாக்கெட் மணி: பார்சல் லேட்டு, காசைத் திருப்பிக் கொடு!

செமஸ்டருக்கு நடுவுல இன்ஸ்டாகிராம்ல கடை போட்டிருக்கிற மகாஜனங்களே, இந்த வாரம் உங்களுக்குத்தான்!

விலை கேட்கும்போது 'சிஸ்', ஆர்டர் போடும்போது 'செல்லம்', பார்சல் ரெண்டு நாள் லேட்டானா 'ஃப்ராடு'. ஆன்லைன்ல விக்கிற யாரைக் கேட்டாலும் இந்த மூணு கட்டத்தையும் பார்த்திருப்பாங்க. மூணாவது கட்டத்துல 'என் காசைத் திருப்பி அனுப்பு'ன்னு ஒரு மெசேஜ் வரும் பாருங்க, அப்பதான் வயித்தைக் கலக்கும். கொடுக்கணுமா? கொடுக்கலைன்னா கேஸ் போடுவாங்களா? கூரியர்ல ஆன லேட்டுக்கு நான் ஏன் அழணும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கோவையில ஹாஸ்டல்ல தங்கிக்கிட்டு ரெசின் போட்டோ ஃப்ரேம் செஞ்சு விக்கிற ஒரு பொண்ணுன்னு வெச்சுக்குங்க. விலை 850 ரூபா. ரெசின், அச்சு, பிரிண்ட் எல்லாம் சேர்த்து 320. பேக்கிங் 40. கூரியர் 90. கையில நிக்கறது 400. அதுவும் லாபம் இல்லை, ராத்திரி கண்ணு முழிச்சதுக்குக் கூலி. திருச்சியில ஒருத்தர், அம்மா பிறந்த நாளுக்குன்னு ஆர்டர் கொடுக்கிறார். பிறந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பார்சல் போய்ச் சேர்ந்தது செவ்வாய்க்கிழமை.

முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தா கைக்காசு 450 காலி. அடுத்த ஆர்டர்ல வர்ற 400-ஐ அப்படியே போட்டாலும் இன்னும் 50 ரூபா இடிக்கும். ஃப்ரேமைத் திருப்பி வாங்கியும் புண்ணியமில்லை. ஊரார் அம்மா போட்டோவை யார் வாங்குவாங்க?

அந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்க. ஞாயிறு சாயந்திரம் கேக் வெட்டும்போது வெறுங்கையோட நின்னது அந்த மகன். செவ்வாய்க்கிழமை ஃப்ரேம் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான் அவருக்கு. ரெண்டு பேருமே நல்லவங்க, ரெண்டு பேருக்குமே நஷ்டம். சண்டை வர இதுக்கு மேல என்ன வேணும்?

சட்டம் யார் பக்கம்? வெள்ளைக்காரர் காலத்துல, 1872-ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்னிக்கும் அமல்ல இருக்கு. அதோட 55-வது பிரிவைப் படிச்சா, நம்ம டிஎம் சண்டையைப் பக்கத்துல நின்னு பார்த்து எழுதின மாதிரி இருக்கும். குறிச்ச தேதிதான் இந்த ஒப்பந்தத்துக்கே உயிர்னு ரெண்டு பேரும் நினைச்சிருந்தா, தேதி தவறினதும் வாங்கறவர் 'ஒப்பந்தமே வேண்டாம்'னு சொல்லலாம். தேதி அவ்வளவு முக்கியமில்லாத ஆர்டர்னா அப்படி ரத்து பண்ண முடியாது. தாமதத்தால வந்த நஷ்டத்தை மட்டும் கேட்கலாம். இன்னொரு வரியும் இருக்கு, நமக்கு ரொம்ப முக்கியம். ரத்து பண்ற உரிமை இருந்தும், லேட்டா வந்ததை ஏத்துக்கிட்டு, ஏத்துக்கும்போதே 'நஷ்டஈடு கேட்பேன்'னு சொல்லாம விட்டுட்டா, அந்தத் தாமதத்துக்காகப் பிறகு நஷ்டஈடு கேட்க முடியாது.

அப்ப நம்ம ஃப்ரேம் கேஸ்ல எல்லாமே சாட்லதான் இருக்கு. 'ஞாயிறு அம்மா பர்த்டே, அதுக்குள்ள வந்துடுமா அக்கா?'ன்னு அவர் கேட்டு, 'கண்டிப்பா வந்துடும்'னு இவங்க பதில் போட்டிருந்தா, தேதிதான் உயிர். 'அனுப்பினதுல இருந்து 4 முதல் 7 நாள் ஆகலாம், ஞாயிறுக்குள்ள வரும்னு உறுதி தர முடியாது'ன்னு எழுதி, அதுக்கு அவரும் 'ஓகே' போட்டிருந்தா கதையே வேற. ஆர்டர் கை நழுவிடுமோன்னு நாம சும்மா தட்டி விடற அந்த 'கண்டிப்பா'வோட விலை 850 ரூபா!

இதுக்கு மேல 2020-ல வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இருக்கு. அமேசான், மீஷோ மாதிரி தளங்கள்ல விக்கிறவங்களுக்கு அது நேராவே சொல்லுது: அறிவிச்ச தேதியைத் தாண்டிப் பொருள் போய்ச் சேர்ந்தா, திருப்பி வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன்னு மறுக்கக் கூடாது. சொந்த வெப்சைட்ல சரக்கு வெச்சு விக்கிறதுக்கும் இதே மாதிரி விதி உண்டு. 'நான் இன்ஸ்டாலதானே விக்கிறேன், எனக்கு இது வராது'ன்னு சட்டப் பாயின்ட் தேடாதீங்க. ஒப்பந்தச் சட்டம் எங்க வித்தாலும் வரும்.

விதிவிலக்கு ஒண்ணே ஒண்ணு. யார் கையிலயும் இல்லாத காரணத்தால ஆன தாமதம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப சென்னை விமான நிலையத்தையே மூடினாங்க. அதே மாசம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் வெள்ளம். அந்த வாரம் சிக்கின பார்சலுக்கு யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா தீபாவளி நெரிசலை இந்தக் கணக்குல சேர்க்க முடியாது, அது வர்ற தேதி காலண்டர்லயே இருக்கு. இன்டர்னல் எக்ஸாமும் அப்படித்தான், பாஸ்.

'சரி, லேட் பண்ணினது கூரியர், அவங்ககிட்ட வாங்கிக்கறேன்'னு சொல்றவங்களுக்கு ஒரு பழைய கேஸ். பாரதி நிட்டிங் கம்பெனின்னு ஒரு பின்னலாடை நிறுவனம், 1990 கோடை சீசனுக்கான சரக்கை ஜெர்மனிக்கு அனுப்பிட்டு, அதுக்கான ஆவணங்களைக் கூரியர்ல போட்டது. கவர் போய்ச் சேரலை. மறு நகல் போய்ச் சேர்றதுக்குள்ள சீசன் முடிஞ்சுபோச்சு. வாங்கினவர் விலையைக் குறைச்சுட்டார். நாலு லட்சம் ரூபாய்க்கு மேல நஷ்டம். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1996-ல தீர்ப்பு வந்தது. கையெழுத்துப் போட்ட கூரியர் சீட்டுல '100 டாலருக்கு மேல எங்க பொறுப்பில்லை'ன்னு இருந்ததால, கிடைச்சது அந்த 100 டாலர் கணக்குதான். உங்க கூரியர் ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல என்ன இருக்குன்னு இன்னிக்கே ஒரு தடவை படிங்க. ஆக, நடுவுல நிக்கறது நீங்கதான். அந்தப் பக்கம் சொன்ன வாக்குக்கு நீங்க பொறுப்பு, இந்தப் பக்கம் கூரியர் கை கழுவிடும்.

அதனால, லேட்டாகும்னு தெரிஞ்ச நிமிஷமே முதல் மெசேஜ் உங்ககிட்டயிருந்து போகணும். ட்ராக்கிங்ல பார்சல் வெள்ளிக்கிழமையும் சேலத்துலயே உட்கார்ந்திருந்தா, ஞாயிறு வரைக்கும் சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்காதீங்க. 'சார், பார்சல் சேலத்துல நிக்குது, ஞாயிறுக்குள்ள வர்றது சந்தேகம். அன்னிக்குக் காட்ட ஃப்ரேம் போட்டோவை அனுப்பறேன். செவ்வாய் வந்ததும் ஃப்ரேமை வெச்சுக்கிட்டா 400 ரூபா திருப்பித் தர்றேன். வேண்டாம்னா திருப்பி அனுப்புங்க, முழுப் பணமும் தர்றேன்' - இவ்வளவு போதும். அந்த 400 கணக்கைக் கவனிச்சீங்களா? அவர் ஒத்துக்கிட்டா நமக்குக் கூலி போச்சு, முதல் தப்பிச்சது. ஒத்துக்கலைன்னா பேரம் பேசிக்கிட்டு இருக்காம முழுசாக் கொடுத்துடறதுதான் நியாயம்னு நான் சொல்வேன். 'கண்டிப்பா' சொன்னது நாமதானே.

பேச்சு எல்லாம் எழுத்துல இருக்கட்டும். போன்ல பேசினாலும், 'இப்போ பேசினபடி...'ன்னு ஒரு மெசேஜ் தட்டி வைங்க. கூரியர் ரசீது, பார்சலை ஒட்டினப்ப எடுத்த போட்டோ, ட்ராக்கிங் ஸ்கிரீன்ஷாட் மூணையும் அழிச்சுடாதீங்க.

இன்னொரு ரகம் உண்டு. பொருளும் வேணும், முழுப் பணமும் வேணும், இல்லைன்னா ஸ்டோரில போட்டு நாறடிப்பேன்னு மிரட்டறவங்க. இதுக்கு மட்டும் பணியாதீங்க. பெரிய கார்டு நிறுவனங்களே இதை ஒத்துக்கறதில்லை. விசா விதிகள்ல 13.1-ன்னு ஒரு புகார் வகை, 'பொருள் வந்து சேரலை'ங்கறதுக்கு. சொன்ன தேதிக்குள்ள வரலைன்னாலும் அதே வகைதான். ஆனா லேட்டா வந்த பொருளைக் கையில வெச்சுக்கிட்டு இந்தப் புகார் போட முடியாது. திருப்பி அனுப்பியிருக்கணும், இல்லை அனுப்ப முயற்சியாவது பண்ணியிருக்கணும். பேமென்ட் லிங்க் வெச்சு விக்கிறவங்களுக்கு இப்படிப் புகார் வந்தா, பதில் சொல்ல சில நாள்தான் டைம். மெயிலைப் பார்க்காம விட்டா பணம் போனது போனதுதான். அப்பதான் மேல சொன்ன ஸ்கிரீன்ஷாட் எல்லாம் உதவும்.

பணம் திருப்பும்போது, எந்தக் கணக்குல இருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் போடணும். 'அது அண்ணன் நம்பர், இந்த நம்பருக்குப் போடுங்க'ன்னா கூடாது. நாளைக்கு அண்ணன் வந்து நிப்பார். 'இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, ரீஃபண்ட் முடிஞ்சுடும்'னு அவங்க ஏதாவது அனுப்பினாலும் தொடாதீங்க.

கடைசியா, பிளாக் பண்றது. நிறைய பேர் செய்யறாங்க, ரொம்பத் தப்பு. 850 ரூபா சண்டை அங்கதான் பெருசாகுது. 1915-க்கு ஒரு போன் போட்டாப் போதும், தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகார் பதிவாகும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கினவர் தன் சொந்த ஊர்லயே கேஸ் போடலாம். 5 லட்சம் ரூபா வரைக்கும் கட்டணம் கிடையாது. அவர் இருக்கறது குவாஹாத்தின்னா, கோவை ஹாஸ்டல் பொண்ணு ஹால் டிக்கெட்டோட சேர்த்து குவாஹாத்தி நோட்டீஸையும் கையில வெச்சுக்கிட்டு நிக்கணும். 'பார்த்துட்டேன், நாளைக்குள்ள பதில் சொல்றேன்'னு ஒரு வரி போட்டா எவ்வளவோ பேர் அடங்கிடுவாங்க. நாளைக்குப் பதில் சொல்லவும் செய்யணும், ஆமா!

அடுத்த வாரம்: கேஷ் ஆன் டெலிவரில ஆர்டர் போட்டுட்டு, வீட்டு வாசல்ல பார்சல் வந்ததும் 'நான் ஆர்டரே பண்ணலையே'ன்னு சொல்ற புண்ணியவான்களை என்ன செய்யலாம்?